ஒரு நாட்டில் குற்றங்கள் ஏன் கூடுகின்றன, ஏன் குறைகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய கொலையோ வழிப்பறியோ நடந்துவிட்டால் அடுத்த நாலு நாட்களுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வறுமை, வேலையில்லை, டாஸ்மாக், சினிமா, வெளியூர் ஆட்கள், சட்டத்தில் கடுமை போதாது என்று பட்டியல் நீளும். இவற்றில் சில உண்மை. சில பாதி உண்மை. சில, ஒரு பாவமும் அறியாத மக்கள் மேல் பழியைத் தூக்கிப் போடுபவை. எது எது என்று பிரித்துப் பார்க்க ஆராய்ச்சிகளும் கணக்குகளும் இன்று நிறையவே இருக்கின்றன. அவற்றை வைத்து, இந்தியாவை நடுவில் நிறுத்தி, தேவைப்படும் இடத்தில் மற்ற நாடுகளையும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

‘குற்ற விகிதம்’ என்ற எண் எப்படி வருகிறது?

ஓர் ஆண்டில் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளை மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வதுதான் குற்ற விகிதம். இந்தியாவில் இதைத் தொகுப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். காப்பகம் 1986இல் தொடங்கப்பட்டது. ஆண்டறிக்கை அதற்கும் முன்னால், 1953 முதலே வருகிறது. ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தாலும் அவற்றில் மிகக் கடுமையான ஒன்றை மட்டும்தான் எண்ணுவார்கள். வீடு புகுந்து நகையை எடுத்துக்கொண்டு ஆளையும் கொன்றால், கணக்கில் அது கொலை. கொள்ளை தனியாக ஏறாது.

அந்த எண் கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பல நேரங்களில் கூடாது. 2019இல் இந்தியா முழுவதும் சுமார் 51.5 லட்சம் வழக்குகள் பதிவாயின. 2020இல் அது 66 லட்சம் ஆனது. 28 சதவீத உயர்வு. நாடே திடீரென்று கெட்டுப்போனதா என்றால் இல்லை. அது ஊரடங்கு ஆண்டு. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகப் போடப்பட்ட வழக்குகள் மட்டும் 30 ஆயிரத்துக்குள் இருந்தவை 6 லட்சத்தைத் தாண்டின. எல்லோரும் வீட்டுக்குள் இருந்ததால் அந்த ஆண்டு திருட்டு குறைந்தது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது எதுவும் தெரியாது.

கேரளத்தையும் பாருங்கள். ஆண்டுதோறும் பதிவான குற்ற விகிதத்தில் அது மேல்வரிசையில் இருக்கும். ஆனால் கொலை விகிதம் லட்சத்துக்கு 1க்கு அருகில்தான். நாட்டிலேயே மிகக் குறைவான மாநிலங்களில் ஒன்று. மக்கள் துணிந்து போய்ப் புகார் கொடுக்கிறார்கள், காவல் நிலையமும் பதிவு செய்கிறது. அதனால்தான் எண் உயர்கிறது. நம் ஊர்களில் செல்போன் தொலைந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் அடித்தாலும் சரி, முதலில் ஒரு சி.எஸ்.ஆர் ரசீதை, அதாவது புகார் வந்ததற்கான ஒப்புகைச் சீட்டை, கையில் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். எஃப்.ஐ.ஆர் ஆகாத புகார் ஆண்டறிக்கையில் குற்றமாக ஏறாது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகார் சொன்னாலே வழக்குப் பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் சொல்லியும், நடைமுறை இன்னும் முழுதாக மாறவில்லை.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் இந்த இடைவெளி மிகப் பெரியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதும், வன்முறைக்கு உள்ளான பெண்களில் எங்கேயாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். காவல் நிலையத்துக்குப் போனவர்கள் அதிலும் சிறு பங்கு.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1993க்குப் பிறகு ஊராட்சிகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்ததும், மாநிலம் மாநிலமாகப் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு கூடியது. பொருளியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, குற்றம் கூடியதற்கான அடையாளம் இல்லை. புகார் கொடுக்கும் துணிவும் அதை வாங்கும் மனமும் கூடியிருந்தன. பெண் தலைவர் இருக்கும் ஊரில் பெண் பேசுகிறாள். இப்படி எண் உயர்ந்தால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நாடுகளை எதை வைத்து ஒப்பிடுவது?

கொலையை வைத்து. பிணத்தை மறைப்பது கடினம், சட்ட விளக்கமும் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐ.நா.வின் கணக்குப்படி 2021இல் உலகில் சுமார் 4,58,000 பேர் கொல்லப்பட்டார்கள், லட்சத்துக்கு 5.8 பேர். கொல்லப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். இந்தியாவில் 2022இல் பதிவான கொலை வழக்குகள் 28,522, அதாவது லட்சத்துக்கு சுமார் 2. 1990களின் தொடக்கத்தில் இது 4க்கு மேல் இருந்தது. தினமும் டி.வி. பார்ப்பவருக்கு நம்பக் கடினம்தான், ஆனாலும் ஒரு தலைமுறைக்குள் இந்தியாவின் கொலை விகிதம் பாதியாகியிருக்கிறது.

திருட்டு, பாலியல் குற்றம், அடிதடி ஆகியவற்றில் நாட்டுக்கு நாடு பதிவு முறை மாறுவதால் ஒப்பீடு பெரும்பாலும் தவறாகப் போகும். அதனால்தான் இங்கிலாந்தில் 1982 முதல் வீடு வீடாகப் போய் “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டு தனிக் கணக்கு எடுக்கிறார்கள். இந்தியாவிலும் அப்படி ஒன்று முறையாக, ஆண்டுதோறும் நடக்க வேண்டும்.

வறுமைதானே எல்லாக் குற்றத்துக்கும் வேர்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வறுமை மட்டுமே குற்றத்தை உண்டாக்கும் என்றால் இந்தியாவில் நாம் தெருவில் நடக்கவே முடியாது. பிரேசிலின் தனிநபர் வருமானம் இந்தியாவைவிடப் பல மடங்கு. அங்கே 2017இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 30ஐ எட்டியது. தென்னாப்பிரிக்கா நம்மைவிட வசதியான நாடு. அங்கே 2022இல் அது 40க்கும் மேல். உலகின் மிகப் பெரிய பணக்கார நாடான அமெரிக்காவின் கொலை விகிதமே இந்தியாவைப் போல இரண்டு மூன்று மடங்கு.

இந்தியாவுக்குள்ளேயே பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா இருவரும் 1981ஆம் ஆண்டு மாவட்ட வாரியான கணக்குகளை வைத்து ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். ஏழை மாவட்டத்தில் கொலை அதிகம் என்று அவர்களால் காட்ட முடியவில்லை. நகரமயத்துக்கும் கொலைக்கும்கூடத் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. எழுத்தறிவு கூடிய மாவட்டங்களில் கொலை குறைவாக இருந்தது. எல்லாவற்றையும்விட அழுத்தமாக வெளிப்பட்ட தொடர்பு, ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற விகிதம். பெண் குழந்தைகளை வாழவிடாத மாவட்டங்களில் கொலை அதிகம்.

கொலைக்கான நோக்கங்களையும் பாருங்கள். 2022இன் 28,522 கொலைகளில் பணம், பொருள் ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. தகராறில் நடந்தவை 9,962. தனிப்பட்ட பகை 3,761. ஆதாயத்துக்காக நடந்தது பதினைந்தில் ஒன்றுதான். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, குடும்பச் சண்டை, கொடுக்கல் வாங்கல், குடிபோதையில் விட்ட வார்த்தை என்று போகும் கொலைகள்தான் மிகுதி. ஏழை பசியில் கொலை செய்கிறான் என்ற படம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

ஆனால் திருட்டில் கதை வேறு. அங்கே பசிக்கு நேரடிப் பங்கு உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் 1835 முதல் 1861 வரையிலான பதிவுகளை கேயோர்க் ஃபோன் மயர் என்ற புள்ளியியலாளர் 1867இல் ஆராய்ந்தார். ஏழைகளின் உணவான ரை தானியத்தின் விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டும் ஏறியது. அதே தரவை 2006இல் பொருளியலாளர்கள் மறுபடியும் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. அதிக மழையில் விளைச்சல் கெட்டு தானிய விலை ஏறியதால் திருட்டு கூடியது; பீரும் விலை ஏறியதால் வன்முறைக் குற்றம் குறைந்தது. நம் பக்கத்திலும் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் தானியக் கொள்ளைகள் பெருகின. சோறு இல்லாதவன் நெல் வண்டியை மறித்தான். அதைத் தடுக்கத் தேவைப்பட்டது சோறு. ரேஷன் கடையையும் நூறு நாள் வேலையையும் சட்டம் ஒழுங்கோடு சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வறுமை இல்லையென்றால் ஏற்றத்தாழ்வா?

பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வருமான ஏற்றத்தாழ்வு கூடிய நாடுகளில் கொலையும் வழிப்பறியும் கூடுதலாக இருந்தன. சராசரி வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. லத்தீன் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் இதற்குக் கண்கூடான சாட்சிகள். ஒரு பக்கம் மின்வேலி போட்ட மாளிகை, மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகை. உழைத்தாலும் அந்தப் பக்கம் போக முடியாது என்று 18 வயதுப் பையனுக்குத் தெரிந்துவிட்டால், அவனைக் கூப்பிடக் கும்பல்கள் காத்திருக்கின்றன. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1938இலேயே இதைச் சொன்னார்: எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு, போகும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால் மற்றவர்கள் குறுக்கு வழி தேடுவார்கள்.

இந்தியாவில் ஏற்றத்தாழ்வு என்றால் சாதியைச் சொல்லாமல் நகர முடியாது. இங்கே நிலைமை தலைகீழ். ஸ்மிருதி சர்மா என்ற பொருளியலாளர், பட்டியலின மக்களுக்கும் ஆதிக்கச் சாதியினருக்கும் இடையே செலவழிக்கும் திறனில் உள்ள இடைவெளியை மாவட்ட வாரியாக ஆராய்ந்தார். இடைவெளி குறையும்போது வன்கொடுமைகள் கூடின. கீழே இருந்தவர் மேலே வரும்போதுதான் அடி விழுகிறது. புது வீடு, புல்லட் வண்டி, படித்த பையன் ஆகியவை சிலரின் கண்ணை உறுத்துகின்றன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பட்டியலினத்தைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கையும், செங்கொடிச் சங்கத்தின் கீழ் அவர்கள் ஒன்றுசேர்ந்ததும்தான். 2022இல் பட்டியலின மக்களுக்கு எதிராக நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 57,582. இவற்றை ‘பின்தங்கிய பகுதிகளின் பிரச்சினை’ என்று ஒதுக்குவது பெரிய தவறு. அந்த மக்களின் முன்னேற்றத்தைப் பொறுக்காதவர்கள் செய்யும் குற்றங்கள் இவை.

வேலையில்லாத் திண்டாட்டம் கூடினால் குற்றம் கூடுமா?

திருட்டில் கொஞ்சம் கூடும். கொலையோடு நேரான தொடர்பு தெரிவதில்லை. அமெரிக்காவில் 1929க்குப் பிறகு வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் கொலை விகிதம் 1933 வரை உயர்ந்து, அதன் பின் இறங்கியது. வேலையின்மையோ அப்போதும் கடுமையாகத்தான் இருந்தது. 1933 மதுவிலக்கு முடிந்த ஆண்டும்கூட. 2009 அக்டோபரில் அமெரிக்க வேலையின்மை 10 சதவீதத்தை எட்டியபோதும் குற்றம் குறைந்துகொண்டே போனது.

ஆனால் ஒரு தனிப் பையனின் வாழ்க்கையில் வேலை பெரிய மாற்றம் செய்யும். 2012 கோடையில் சிகாகோ நகரில், வன்முறை மிகுந்த பகுதிப் பள்ளிகளின் மாணவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து 8 வாரம் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் அவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது, வேலை கிடைக்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு. பெரும்பாலான குறைவு வேலை முடிந்த பிறகு வந்தது. அதனால் கையில் காசு இருந்தது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. காலையில் எழுந்து போக ஓர் இடம், கண்டிக்கவும் பாராட்டவும் ஒரு பெரியவர், கோபத்தை அடக்கிப் பழக ஒரு சூழல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன.

ஏன் எப்போதும் இளைஞர்களையே சொல்கிறார்கள்?

பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே 1831இலேயே கவனித்தது: குற்றம் செய்யும் போக்கு பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். நாடு மாறினாலும் காலம் மாறினாலும் இது பெரிதாக மாறவில்லை. எனவே இளைஞர் தொகை குறையும் நாட்டில் குற்றம் தானாகவே ஓரளவு இறங்கும். ஜப்பானில் 2002இல் சுமார் 28.5 லட்சம் குற்றங்கள் பதிவாயின. 2021இல் அது 5.7 லட்சத்துக்கும் கீழே வந்தது. முதுமை மட்டும் காரணம் இல்லை, ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று. அங்கே இன்று கவலை வேறு விதம். துணையும் வருமானமும் இல்லாத முதியவர்கள் கடையில் சோற்றுப் பொட்டலம் திருடிச் சிறைக்குப் போகிறார்கள்.

பெண்களின் எண்ணிக்கைக்கும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு?

த்ரேஸ், கேரா ஆய்வை மேலே சொன்னேன். சீனத்தில் ஒரு குழந்தைக் கொள்கையின் விளைவாக ஆண்கள் மிகுந்த தலைமுறை வளர்ந்தபோது, 100 பெண்களுக்கு ஓர் ஆண் கூடுதலானால் குற்றம் சுமார் 3 சதவீதம் உயர்வதாக 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கல்யாணம் ஆகாத ஆண்கள் மிகுவது ஒரு காரணம். இந்தியாவைப் பொறுத்தவரை இன்னொரு காரணத்துக்குத்தான் நான் அதிக எடை தருவேன். பெண்ணைக் கருவிலேயே வேண்டாம் என்று சொல்லும் சமூகம், ஆண் என்றால் அடிக்க வேண்டும், அடங்கக் கூடாது என்றும் சொல்லித்தான் வளர்க்கிறது.

வறட்சியும் இங்கே வந்து சேர்கிறது. 2002 முதல் 2007 வரை 583 இந்திய மாவட்டங்களை ஆராய்ந்ததில், மழை வழக்கத்தைவிடக் கணிசமாகக் குறைந்த ஆண்டுகளில் வரதட்சணைச் சாவுகள் சுமார் 8 சதவீதம் கூடின. மழை அதிகமாகப் பெய்த ஆண்டுகளில் மாற்றம் இல்லை. விளைச்சல் போன வீட்டில் பண முடை வந்தால், மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து கறக்கப் பார்க்கிறார்கள். பொருளாதார நெருக்கடி உண்மை. ஆனால் அதை யார் தலையில் இறக்குவது என்று முடிவு செய்வது, பெண்ணுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பதுதான்.

மதுவைத் தடை செய்தால் குற்றம் குறையுமா?

குடி குறைந்தால் வன்முறை குறைகிறது. இதில் சந்தேகம் இல்லை. சோவியத் ஒன்றியத்தில் 1985இல் கோர்பசேவ் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் கொலைகள் இறங்கின. கட்டுப்பாடு தளர்ந்ததும் ஏறின. பிரேசிலின் தியதேமா நகரில் 2002இல் மதுக்கடைகளை இரவு 11 மணிக்கு மூடச் சொன்ன பிறகு கொலைகள் கணிசமாகக் குறைந்தன.

முழுத் தடை வேறு விஷயம். அது சந்தையை அப்படியே கும்பலின் கையில் கொடுத்துவிடலாம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடந்தது அது. முழுத் தடை இல்லாத தமிழ்நாட்டிலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கடை நேரத்தைக் குறைப்பது, கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, குடிநோய்க்கு மருத்துவம் தருவது எல்லாம் மெதுவாகப் பலன் தருபவை. ஆனாலும் அவற்றைத்தான் நம்பலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் வந்ததால்தான் குற்றம் பெருகியதா?

இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. திருப்பூரிலும் ஒரகடத்திலும் 12 மணி நேரம் நின்று வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவருக்குக் காவல் நிலையம் என்றாலே பயம். மொழி தெரியாது, துணை கிடையாது. அமெரிக்காவில் 1870 முதலான 150 ஆண்டுப் பதிவுகளை அலசிய ஆய்வில், குடியேறியவர்கள் அங்கேயே பிறந்தவர்களைவிட அதிகம் சிறைக்குப் போன காலமே இல்லை. இன்று குடியேறியவர்கள் சிறைக்குப் போகும் வாய்ப்பு 60 சதவீதம் குறைவு. நம்மவர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவதும் இதே உழைப்புக்காகத்தான். ஒருவர் குற்றம் செய்தால் அவர் மேல் வழக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, வதந்தி எவ்வளவு வேகமாக மனிதர்களை ஊரைவிட்டு விரட்டும் என்று கண்ணால் பார்த்தோம்.

சில சாதிகளுக்கே குற்றம் பரம்பரைத் தொழில் என்கிறார்களே?

இது பொய். அரசாங்கமே சட்டம் போட்டுப் பரப்பிய பொய். 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை வடஇந்தியாவில் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் இருந்த சமூகத்தில் பிறந்த ஆண் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தக் குற்றமும் செய்திருக்கத் தேவையில்லை, பிறந்திருந்தால் போதும். மதுரைப் பக்கத்தில் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 15க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. சந்தேகம் நீங்கவில்லை. குறவர் குடும்பங்களை எங்கே நகை காணாமல் போனாலும் இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் இன்றும் உண்டு. பல மாநிலச் சிறை விதிகள் சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய பட்டியலில் இருந்த சமூகத்தினரை, பிறவியிலேயே குற்ற நாட்டம் உள்ளவர்கள்போல நடத்தின. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட விதிகளையும், சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும் ரத்து செய்தது. ஒரு சமூகத்தின் நிலத்தையும், ஊரைக் காவல் காக்கும் உரிமையையும் பறித்துவிட்டு, படிக்கவும் வேலைக்குப் போகவும் விடாமல் ரேகை வாங்கினால், அதில் சிலர் வேறு வழியில் போவதில் என்ன ஆச்சரியம்? அதைக் காட்டி மொத்த சமூகத்துக்கும் முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையே அடுத்த தலைமுறையின் வேலையையும் கெடுத்தது.

கடும் தண்டனை கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடாதா?

தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, மாட்டுவது எவ்வளவு உறுதி என்பதுதான் ஆளைத் தடுக்கிறது. பொருளியல் நோபல் பெற்ற கேரி பெக்கர் 1968இல் குற்றத்தை லாப நட்டக் கணக்காகப் பார்க்கத் தொடங்கினார். பின்னால் வந்த கள ஆய்வுகளில் உறுதிக்குத்தான் அதிக எடை தெரிந்தது. இந்தியாவில் 2022இல் தீர்ப்பான கொலை வழக்குகளில் தண்டனை கிடைத்தது 43.8 சதவீதத்தில். பாலியல் வல்லுறவு வழக்குகளில் 27.4. அதே ஆண்டு சிறையில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாத விசாரணைக் கைதிகள். குண்டர் சட்டத்தையும் என்கவுன்டரையும் கைதட்டி வரவேற்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். தடயவியல் கூடத்தில் அறிக்கை சீக்கிரம் வந்தால், சாட்சி பயமில்லாமல் பேசினால், கிடைக்கும் பலன் துப்பாக்கியால் கிடைக்காது.

எல் சால்வடாரைக் காட்டி மறுப்பார்கள். நியாயமான கேள்விதான். 2015இல் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 100ஐத் தாண்டியது, உலகிலேயே அதிகம். 2022 மார்ச்சில் மூன்று நாட்களில் 87 பேர் கொல்லப்பட்டதும் அதிபர் புகேலே அவசரநிலை கொண்டுவந்தார். 80,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2023இல் அரசுக் கணக்குப்படி விகிதம் 2.4. மக்கள் நிம்மதியாகத் தெருவில் நடக்கிறார்கள், அது உண்மை. கூடவே மற்றதையும் சொல்ல வேண்டும். 2015க்கும் 2021க்கும் இடையிலேயே கொலைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிட்டன. கைதானவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் குற்றமற்றவர்கள் என்று பிறகு விட்டார்கள். காவலில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அந்தக் கும்பல்கள் எப்படி வந்தன என்பதும் முக்கியம்: 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர், அமெரிக்காவுக்கு ஓடிய குடும்பங்கள், லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் உருவான கும்பல்கள், 1990களில் அவர்களை மொத்தமாகத் திருப்பி அனுப்பியது. வேலையும் பள்ளியும் இல்லாத நாட்டில் அவர்கள் வந்து இறங்கினார்கள்.

சினிமாவும் வீடியோ கேமும்?

அருவா தூக்கும் காட்சியைப் பார்த்துப் பையன் ஸ்டேட்டஸ் வைப்பான். நாட்டின் கொலை விகிதத்தை அது ஏற்றியதற்குச் சான்று இல்லை. ஜப்பானில் வன்முறை விளையாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை, கொலை விகிதம் லட்சத்துக்கு 0.3க்கும் கீழே.

நாடு வளர்ந்தால் குற்றம் தானே குறையுமா?

வடிவம் மாறும். கார்களில் சாவி இல்லாமல் கிளம்பாத மின்னணுப் பூட்டு வந்ததும் ஐரோப்பாவில் கார் திருட்டு சரிந்தது. 1998இல் அங்கே புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. பணம் பர்ஸிலிருந்து போனுக்கு மாறியதும் திருடனும் போனுக்கு மாறினான். இந்தியாவில் சைபர் குற்ற வழக்குகள் 2021இல் 52,974; 2022இல் 65,893; 2023இல் 86,420. இதிலும் வேலையின்மை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி தாய்லாந்துக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, அடித்து, மோசடி வேலையில் உட்கார வைத்தார்கள். 2022இல் சிலரை மீட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் சில நேரம் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் மீட்பு எளிது.

உண்மையிலேயே திருந்திய ஊர் ஏதாவது உண்டா?

கொலம்பியாவின் மெதயின். போதைக் கும்பல்களின் காலத்தில், 1991இல், அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 380க்கு அருகில் இருந்தது. போலீஸ் நடவடிக்கை, கும்பல்களோடு பேச்சு என எல்லாம் நடந்தது. அதோடு நகரம் இன்னொன்றும் செய்தது. மலைச்சரிவில் இருந்த ஏழைப் பகுதிகளுக்கு 2004இல் கம்பிவட ஊர்தியை (ரோப் கார்) கொண்டுபோய், நிலையங்களைச் சுற்றி நூலகம், பூங்கா, தெருவிளக்கு, பள்ளி என்று கட்டியது. அப்படிப்பட்ட பகுதிகளையும், அதே அளவு ஏழ்மையில் இருந்து இத்திட்டம் வராத பகுதிகளையும் ஒப்பிட்டபோது, திட்டம் வந்த இடங்களில் கொலை விகிதம் 66 சதவீதம் கூடுதலாக இறங்கியிருந்தது. வருமானம் ஒரே நாளில் உயர்ந்துவிடவில்லை. ஊர் தங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று அந்த மக்களுக்குத் தெரிந்தது. சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் போல, நகருக்கு வெளியே கொண்டுபோய் மக்களைக் குவித்துவிட்டுப் பிறகு அந்தப் பகுதியின் பெயரையே கெட்ட பெயராக்கும் நாம் இதைப் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்குகளை நானே பார்க்க முடியுமா?

முடியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஆண்டறிக்கைகள் இலவசம். தாமதமாக வரும்; 2023ஆம் ஆண்டின் அறிக்கை 2025 செப்டம்பரில்தான் வந்தது. மொத்த வழக்குகளை விட்டுவிட்டு கொலை அட்டவணையைத் திறங்கள், பிறகு நோக்கங்களின் அட்டவணை, பிறகு தண்டனை விகிதம். மாவட்ட வாரியான அட்டவணைகளும் உண்டு. உங்கள் மாவட்டத்தைப் பார்ப்பதென்றால் ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் சிறிய மாவட்டத்தில் ஒரே ஆண்டில் பத்துக் கொலை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் தற்செயலாகத்தான் இருக்கும்.